ஓவிகீன் என்ற பழஞ்சொல்

ஓஸ்லர் லொக்கேஷன், மிஷிகன்
அக்டோபர் 9

மதிப்புக்குரிய மோர்வெத் அவர்களுக்கு,

(இசைத்தட்டு உறையில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. உண்மையில் டேல் ட்ரெவாரோவான உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மின்னஞ்சலும் தொலைபேசியும் கிடையாது, அஞ்சல் பெட்டி மட்டும்தான் என்று உறையில் போட்டிருப்பதால் இந்தக் கடிதம்.)

என் பெயர் சில்வி ஹர்யூ. உங்கள் ஹோர்ஃபெல் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ரெய்னோவின் தங்கை. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோன காலத்தில் எனக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. முகத்தில் வெள்ளையும் கறுப்புமாகச் சாயம் பூசிக்கொண்டு நீங்கள் சமையலறைக்குள் வந்தபோது நான் அழாமல் சிரித்தேன் என்றும், அதற்காக நீங்கள் கொஞ்சம் மனம் வருந்தினீர்கள் என்றும் அம்மா சொல்வார். மன்னிக்கவும்.

அந்த ஆல்பத்துக்கு, ‘ஏரிக்குக் கீழே ஏழு குளிர்காலம்’, மறுவெளியீடு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் மார்க்வெட் நகரத்துக்குப் பேருந்தில் போய் வாங்கினேன். நீங்கள் வாசிக்கும் பிளாக் மெட்டல் என்ற அலறல் இசைக்கு நான் ரசிகை இல்லை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியிருந்தது மூன்றாவது பாட்டின் முடிவில் வரும் ஒரே ஒரு கத்தல்.

அது என் அப்பாவின் குரல். எங்கள் கொல்லையில் இருக்கும் சானா என்ற நீராவிக் குளியலறையின் முன்னறையில், ஒரு சனிக்கிழமை, நீங்கள் பதிவு செய்துகொண்டிருந்தீர்கள். சனிக்கிழமை வெந்நீராவிக் குளியலை அப்பா யாருக்காகவும் தள்ளிவைக்க மாட்டார். ஆகவே உள்ளே அவர் குளிக்க, வெளியே நீங்கள் வாசிக்க, பதிவு நடந்தது. ரசிகர்கள் ‘ஏரிக்காற்றின் சீறல்’ என்று பாராட்டி எழுதுகிறார்களே, அது அவர் சூடான கற்கள்மேல் தண்ணீர் ஊற்றிய சத்தம்.

அடுத்த வசந்தத்தில் அப்பாவுக்குத் தொண்டையில் அறுவை நடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அவர் அதை ‘ஷேவிங் மெஷின்’ என்பார். கடையில் அதன் இரைச்சலைக் கேட்டு யாரோ திரும்பிப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து அது இழுப்பறையில் கிடக்கிறது. எதுவானாலும் காகிதத்தில் எழுதித்தான் காட்டுவார். எங்கள் வீட்டுக் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் எப்போதும் அப்பாதான், அப்போது வாயும் திறக்க மாட்டார். ஆகவே வீட்டு வீடியோ எதிலும் அவர் குரல் இல்லை. ரெய்னோவிடம் இருந்த உங்கள் கேசட்டை அவனுடைய டிரக்கில் இருந்த டேப் ரெக்கார்டர் எப்போதோ மென்று துப்பிவிட்டது. இணையத்தில் இருந்த பழைய பிரதிகளையெல்லாம் மறுவெளியீட்டுக்கு முன்னால் உங்கள் நிறுவனம் நீக்கச் சொல்லிவிட்டது. சேகரிப்பாளர் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். தன்னுடையது உறை பிரிக்காத பிரதி என்று பெருமையோடு பதில் போட்டார். பிரிக்க மாட்டாராம்.

புது இசைத்தட்டைப் போட்டேன். நீராவிச் சத்தம் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. மூன்றாவது பாட்டின் முடிவில் அப்பா கத்திய அதே சொல் வருகிறது, ஆனால் கத்துவது நீங்கள்.

தயவுசெய்து பழைய நாடாவிலிருந்து அந்த இடத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்து அனுப்ப முடியுமா? தபால் தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
சில்வி ஹர்யூ


வடக்குக் காடு
அக்டோபர் 20

ஹர்யூ குலத்துப் பெண்ணே,

உன் மடல் கிடைத்தது. ஹோர்ஃபெல்லின் ஒலிப்பேழைகள் பிரதி எடுத்து விநியோகிக்கும் பொருட்கள் அல்ல. அவை ஒரு குளிர்காலத்தின் சாட்சிகள். அந்தக் குளிர்காலம் முடிந்துவிட்டது.

மூன்றாம் பாடலின் முடிவில் ஒலிப்பது ‘ஓவிகீன்’. கீழுலக வாயிலைக் காப்பவனின் பெயர், உன் முன்னோர் மொழியில். அன்றைய ஆவிக்கு நடுவே உன் அண்ணனே எனக்கு அதன் பொருளைச் சொன்னான். உன் தந்தையின் வாய்வழியாக அந்தப் பெயர் வெளிப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் வாய்க்குச் சொந்தமல்ல. இன்று மூன்று கண்டங்களில் மனிதர்கள் அதைத் தங்கள் தோலில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நானும் என் கையில். எங்கள் புதிய ஆல்பத்தின் பெயரும் அதுவே. ஆகவே பழைய பேழையிலும் அது என் குரலில் ஒலிப்பதே முறை.

உன் தபால் உறையைத் திருப்பி அனுப்புகிறேன்.

மோர்வெத்


ஓஸ்லர் லொக்கேஷன்
அக்டோபர் 27

டேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் மூன்று முறை கோபம் வந்தது. நான்காவது முறை, நீங்கள் உண்மையாகவே நம்பித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பது புரிந்து எனக்குச் சங்கடமாகிவிட்டது.

ஓவிகீன் யாருடைய பெயரும் இல்லை. ‘ஓவி கீன்னி’ என்று இரண்டு சொல். ஃபின்னிஷ் மொழியில் ‘கதவைச் சாத்து’. குளிர்காலத்தில் சானா வைத்திருக்கும் எந்த வீட்டிலும் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கலாம். பள்ளி நூலகத்து அகராதியிலிருந்து அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்திருக்கிறேன். ‘ஓவி’ என்ற சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

நம்பாவிட்டால் இதையும் கேளுங்கள். ரெய்னோ இப்போது இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை பார்க்கிறான். டலூத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது போன் பண்ணினான். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

“இன்னுமா நம்பிட்டிருக்கான்?”

“எதை?”

“கீழுலக வாயிலு, காவக்காரன்… ஐயோ கடவுளே. அன்னைக்கு அப்பா கத்துனதும் ‘என்னடா சொன்னாரு?’ன்னு கண்ணை உருட்டிக்கிட்டுக் கேட்டான். கதவைத் திறந்துபோட்டதே அவன்தான். உன்னைத்தான்டா திட்டுறாருன்னா மூஞ்சி சுருங்கிப்போயிடும். அதான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.”

“அதைக் கையில பச்சை குத்தியிருக்காராம்ண்ணா.”

மறுபடியும் சிரித்தான். பிறகு, “எந்தக் கையில?” என்றான்.

“அது ரொம்ப முக்கியமா? நீ ஏன் அப்பவே உண்மையைச் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள சட்டையில அச்சடிச்சுட்டான். சரி விடு, அந்தச் சட்டை எழுத்து மரவேர் பின்னிக்கிட்ட மாதிரி இருக்கும், எந்த மனுசனாலயும் படிக்க முடியாது.”

இதையெல்லாம் உங்களைக் கேலி செய்ய எழுதவில்லை. அது உங்கள் சொல் இல்லை, அப்பாவின் சொல் என்று காட்டத்தான் எழுதினேன். காவல் தெய்வத்துக்காக நாடாவைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். காவல் தெய்வமே கிடையாது. இனி அனுப்பலாம் அல்லவா?

அதே உறையை மறுபடியும் இணைத்திருக்கிறேன்.

சில்வி


வடக்குக் காடு
நவம்பர் 8

சில்வி,

வலது கையில். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. உன் அண்ணனிடம் சொல்.

அகராதிப் பக்கத்தைப் பார்த்தேன். பென்சில் கோடு போட்டிருக்க வேண்டியதில்லை.

உனக்கு விளங்குகிறதா என்று தெரியவில்லை. கோடையில் ஜெர்மனியில் ஒரு விழாவில் வாசித்தோம். இருட்டு, மழை, ஒரு மைதானம் நிறைய ஆட்கள். எல்லோரும் கையை உயர்த்திக்கொண்டு ஒரே குரலில் கத்தினார்கள். எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடம் பட்ட பாட்டுக்கு இது போதும் என்று நினைத்தேன். அவர்கள் என்ன கத்தினார்கள் என்று இப்போது தெரிகிறது. கதவைச் சாத்து, கதவைச் சாத்து. சுற்றுமுற்றும் ஒரு கதவுகூட இல்லாத மைதானத்தில்.

புது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு பதினெட்டு நிமிடம். அதில் வேறு ஒரு சொல்லும் நான் பாடவில்லை.

உன் அண்ணன் நல்ல வேடிக்கைக்காரன். இரண்டாவது ஆல்பத்துக்கு நாள் குறித்திருந்தபோது, போய்வருகிறேன் என்று ஒரு சொல் சொல்லாமல் கப்பலுக்குப் போனவனும் அவன்தான். டிரம்ஸைக்கூட எடுத்துப் போகவில்லை. ஒரு வருடம் அது என் அறையில் நின்றது. துணி காயப்போட்டேன். இப்போது வாசிப்பவன் நன்றாகத்தான் வாசிக்கிறான். ஆனால் ரெய்னோ மாதிரி தாளத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு போக அவனுக்கு வரவில்லை, சொல்லித்தரவும் எனக்குத் தெரியவில்லை.

நாடாவைத் தர மாட்டேன். உனக்கு அப்பா, சரி. ஆனால் அது உன் கைக்கு வந்தால் உன் தோழிகள் கேட்பார்கள். ஒருத்தி இணையத்தில் போடுவாள். அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் சாயம் பூசிக்கொண்டு நிற்க முடியாது. எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

இனி எழுதாதே.

மோ.


ஓஸ்லர் லொக்கேஷன்
நவம்பர் 16

டேல் அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள். மான் வேட்டைப் பருவம் தொடங்கியதால் இங்கே பள்ளி விடுமுறை. வீட்டில் சும்மா உட்கார்ந்து உங்கள்மேல் கோபப்படுவதைவிட எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

எனக்குத் தோழிகள் அதிகம் இல்லை. இருக்கும் ஒருத்திக்குப் பாய்மரக் கப்பல்களைப் பற்றிய புத்தகங்கள் தவிர எதுவும் பிடிக்காது. நாடாவை எவருக்கும் தர மாட்டேன், இணையத்தில் போட மாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். வேண்டுமானால் அம்மாவிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்.

ரெய்னோ ஏன் சொல்லாமல் போனான் என்று நீங்கள் யாரிடமாவது கேட்டீர்களா? அப்பாவுக்கு அறுவை நடந்த வாரம் அது. அப்பாவால் சுரங்க அருங்காட்சியகத்தில் சுற்றிக்காட்டும் வேலையைப் பார்க்க முடியாமல் போனது. அந்த வேலையே பேசுவதுதானே. ரெய்னோ கப்பலுக்குப் போனான். உங்களிடம் சொன்னால், இதை ஒரு பாட்டாக எழுதிவிடுவீர்கள் என்று பயந்தானாம். நேற்றுதான் எனக்கே சொன்னான். நீங்களும் ஒரு தடவையாவது வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். எங்கள் ஓஸ்லர் லொக்கேஷன் குடியிருப்பு உங்கள் அம்மாவின் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான்.

அப்பாவிடம் எதையும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். ஆனால் இசைத்தட்டு உறையை மேசையில் பார்த்துவிட்டார். பின்பக்கத்தில் உங்கள் புது ஆல்பத்துக்கு ஒரு விளம்பரம், அதில் மட்டும் அந்தப் பெயர் படிக்கிற மாதிரி அச்சாகியிருக்கிறது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு காகிதத்தை இழுத்து, “கதவைச் சாத்துன்னு ஒரு ஆல்பமா? அடுத்தது ‘காலைத் துடைச்சுக்கிட்டு உள்ள வா’வா?” என்று எழுதினார்.

அவர் சிரித்ததும் எனக்குத் தைரியம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகம் மாறிவிட்டது. “யார்கிட்டயும் கெஞ்சாதே. அந்தக் குரல் போச்சு. எனக்கு வேண்டாம்” என்று எழுதினார்.

அவருக்கு வேண்டாம், சரி. எனக்கு வேண்டும். இந்த வீட்டில் அம்மா, ரெய்னோ, பக்கத்து வீட்டுக்காரர், எல்லோருடைய காதிலும் அப்பாவின் குரல் இருக்கிறது. அவர் எழுதிக் காட்டும்போது அவர்கள் அதை அந்தக் குரலில் படித்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் என் குரலிலேயே படிக்கிறேன். அப்பா என்னோடு பேசும்போதெல்லாம் நானே என்னோடு பேசிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. பதினைந்து வயதில் இதை ஒரு அந்நியருக்கு எழுத வேண்டியிருப்பது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் சாயத்தைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. நன்றாக இருங்கள். அந்த ஒரு கத்தலை மட்டும் கொடுங்கள்.

சில்வி


வடக்குக் காடு
டிசம்பர் 3

சில்வி,

உறுதிமொழி வேண்டாம். அம்மாவின் கையெழுத்தும் வேண்டாம்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இங்கே பேச ஆளில்லை என்பது வேறு விஷயம். பிறகு பனியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். நாடாக்கள் அவர் வீட்டு நிலவறையில்தான் இருக்கின்றன, ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால். மறுவெளியீட்டுக்கு நிறுவனத்துக்கு அனுப்பியது ஆல்பமாக வெட்டி முடித்த நாடாவை. அன்றைக்கு முழுதாக ஓடிய மூல நாடா அதற்கு அடியில் இருந்தது.

“இப்பத்தான் அம்மா ஞாபகம் வந்துச்சாக்கும்?” என்றார் அம்மா. “சாப்பிட்டுட்டுப் போ, ஆவி மாதிரி இருக்க.” அது எனக்குப் பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. உன் அப்பா ஆர்வோ ஹர்யூவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது தெரியுமா என்று கேட்டேன். “ஊருக்கே தெரியும்டா. நீ காட்டுல போய் உக்காந்துக்கிட்டா உனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

மூல நாடாவைக் கேட்டேன். ஒன்றை நான் சுத்தமாக மறந்துபோயிருக்கிறேன். ஆல்பத்தில் அந்த ஒரு கத்தலைத்தான் வைத்தேன். அதற்கு முன்னால் உன் அப்பா முன்னறைக்கு வந்து நின்று நெடுநேரம் பேசியிருக்கிறார். நான் சாவைப் பற்றியும் பனியைப் பற்றியும் ஓலமிட்டு முடித்த மறுநொடி, துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்து ஊர்க்கதை பேசுகிறார். இதைக் கேட்டு யார் பயப்படுவார்கள்? வெட்டிவிட்டேன். பத்தொன்பது வயதில் எனக்கு அதில் பயனுள்ளதாகத் தெரிந்தது கடைசி இரண்டு சொல்தான்.

இப்போது கேட்டால் நாடா முழுவதிலும் அந்தப் பேச்சு ஒன்றுதான் கேட்கும்படி இருக்கிறது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

மூல நாடாவையே அனுப்புகிறேன். நல்ல கருவியில் போடு, பழைய நாடா. என்ன பேசுகிறார் என்று நான் சொல்லப்போவதில்லை. நீயே கேள்.

கையில் இருப்பதை அழிக்கப்போவதில்லை. அடுத்த பேட்டியில் ஓவிகீன் என்றால் என்ன என்று கேட்பார்கள். பதில் சொல்ல மாட்டேன். எப்போதும் சொன்னதில்லை, அது ஒன்றுதான் எனக்கு வசதி.

டேல்


ஓஸ்லர் லொக்கேஷன்
டிசம்பர் 14

அன்புள்ள டேல்,

நாடா பத்திரமாக வந்தது. நன்றி என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு இப்போது இருக்கும் எரிச்சலில் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி நூலகத்திலிருந்து பழைய கேசட் கருவியை இரவல் வாங்கி வந்தேன். அப்பாவுக்கு வேண்டாம் என்பதால் என் அறையில் தனியாகக் கேட்பதாக ஏற்பாடு. ஆனால் என் அறையில் பிளக் பாயிண்ட் வேலை செய்யவில்லை. சமையலறை மேசையில் வைக்க வேண்டியதாயிற்று. அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். அப்பா பின்கட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார், கேட்காது என்று நினைத்தேன்.

நீங்கள் அலறி முடித்தீர்கள். (உண்மையாகவே நன்றாக இருந்தது.) பிறகு கதவு திறக்கும் சத்தம். பிறகு ஒரு குரல்.

டேல், அது நான் நினைத்த மாதிரி இல்லை. நான் கனமான குரல் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். இது கொஞ்சம் மெல்லிசு, மூக்கால் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் அழுத்தம். பள்ளியில் நாங்கள் கேலி செய்யும் ஃபின்னிஷ் கிழவர்கள் பேசுவார்களே, அதே பேச்சு. “முடிஞ்சுதாடா பசங்களா? எவனையோ வெட்டுறீங்கன்னு நெனச்சேன்” என்கிறார். ரெய்னோ சிரிக்கிறான். அதற்குப் பிறகுதான் வினை.

“கிவெலா கேட்டான், உறைஞ்ச ஏரி மேல டிரக்கை இறக்கலாமான்னு. தாராளமா இறக்குடான்னு சொல்லிட்டேன். பனி கல்லு மாதிரி இருக்கு. ரயிலே விடலாம்.”

பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா மாவுக்கையோடு வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கிவெலா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய டிரக் ஏரியில் பனி உடைந்து மூழ்கிப்போனது. ‘வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன், கேட்கவில்லை’ என்று அப்பா இத்தனை வருடமாக ஊர் முழுவதும் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறார். கிவெலா ‘நீதான் இறக்கச் சொன்னே’ என்பார். யாரும் நம்பியதில்லை. பாவம்.

“ஆர்வோ!” என்று அம்மா கத்தினார். “உள்ள வாங்க! வந்து உங்க வாயால சொன்னதை நீங்களே கேளுங்க!”

அப்பா வந்தார். நான் நாடாவைப் பின்னால் ஓட்டிப் போட்டேன். ‘ரயிலே விடலாம்’ வந்ததும் காகிதத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. மேசை முழுக்க மாவு. இழுப்பறையைத் திறந்து ஷேவிங் மெஷினை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

“அது நான் இல்ல” என்றார்.

“உங்க குரல் எனக்குத் தெரியாதா?” என்றார் அம்மா.

“கிவெலா மாதிரி இருக்கு.”

“கிவெலா எதுக்கு நம்ம சானாவுல துண்டோட நிக்கிறாரு?”

“சரி, சொன்னேன். காலையில சொன்னேன். சாயங்காலம் வெயிலைப் பார்த்துட்டு வேண்டாம்னும் சொன்னேன். அதை யாரு பதிவு பண்ணா? அந்தச் சாயம் பூசுன பய வேணும்னே வெட்டியிருப்பான்.” (உங்களைத்தான்.)

நாடா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாடாவுக்குள் இருக்கும் அப்பா வேறு எதையோ சொல்கிறார், என் பெயர் மாதிரிகூட ஒன்று வந்தது. ஆனால் வெளியே இருக்கும் அப்பா ஒரு நொடி நிறுத்தவில்லை. அன்றைய வெயில், காற்று, கிவெலாவின் எடை, டிரக்கின் எடை. நான் மறுபடி பின்னால் ஓட்டினேன். மறுபடி அதே இடத்தில் தொடங்கிவிட்டார். மூன்றாம் முறையும். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேசையைத் தட்டி, “அப்பா! கொஞ்ச நேரம் பேசாம இருங்கப்பா! நீங்க பேசுறது எனக்குக் கேக்கல!” என்று கத்தினேன்.

எனக்கு நினைவு தெரிந்து இந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல அவசியம் வந்ததில்லை.

அம்மா என்னைப் பார்த்தார். அப்பாவும் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, “இரு, கிவெலாகிட்டயே கேட்டுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு, கோட்டைக்கூடப் போடாமல், கருவியைக் கழுத்தில் பிடித்தபடியே பனியில் இறங்கிப் போய்விட்டார்.

அது நடந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. கிவெலா வீட்டு வாசலில் நின்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், ஜன்னல் வழியாக அந்த இரைச்சல் இங்கே வரை வருகிறது. திரும்பி வந்ததும் நாடாவை இன்னொரு தடவை போடச் சொல்வார், அப்போதும் பேசுவார். நான் இன்னும் அதை முழுதாகக் கேட்டபாடில்லை. நீங்கள் அவசரப்பட்டு நாடாவைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

சில்வி